பதினாலாம் நம்பரின் அம்மா

ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பக்கத்தில் இருந்துகொண்டு, என் மகனை வேலையிலிருந்து தூக்க வேண்டும் என்று சொல்கிற ஒரு பெண்மணி இந்த நாட்டில் எனக்குச் சிநேகிதி. பெயர் டையான். எழுபதை எட்டியிருப்பார். கல்லூரிக் கூடைப்பந்து மண்டபத்தின் மரப்படிகளில் எனக்கும் சேர்த்து ஒரு சின்ன மெத்தையைப் போட்டுவைத்துவிட்டு, பச்சை நூலில் எதையோ பின்னியபடி காத்திருப்பார். நான் போய் இருந்ததும் பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றித் தருவார். “இந்தக் கோச் போகத்தான் வேண்டும், மை டியர். நல்ல மனிதர். ஆனாலும் போக வேண்டும்,” என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. எங்களூரில் ஒருவனை வேலையை விட்டுக் கலைப்பதென்றால் முதலில் அவனோடு கதைப்பதை நிறுத்துவோம். அடுத்து அவனுடைய பரம்பரையை இழுப்போம். அவன் பெண்சாதியின் தங்கச்சி யாரோடு போனாள் என்பது வரைக்கும் வந்துவிடும். இங்கே பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே சொல்கிறார்கள். இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

அந்தக் கோச் என் மகன் என்பது டையானுக்குத் தெரியாது. நான் மறைக்கவில்லை. முதல் நாளே, “இதில் உங்கள் பிள்ளை எது?” என்று கேட்டார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். ரமணன் அப்போது மாற்று ஆட்டக்காரர்களின் வாங்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், வாங்கின் கடைசியில், எங்கள் நிறத்தில் ஒரு பெடியன் பதினாலாம் நம்பர் சட்டையோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான். டையானின் கண் என் மகனைத் தாண்டி அவனிடம் போய் நின்றது. “ஓ, பதினாலு! பாவம், அவனை இறக்குவதே இல்லையே!” என்று என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் உண்மையான இரக்கம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் பதினாலாம் நம்பரின் அம்மா. அவனைப் பெற்றவள் கயானாவிலிருந்து வந்தவளாம், சனிக்கிழமைகளில் வேலையாம், ஒருநாளும் வந்ததில்லை என்று ரமணன் பிறகு சொன்னான். அந்தப் பதவி காலியாகத்தான் இருந்தது.

பிறகாவது திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். திருத்தினால் டையான் என் முன்னால் கோச்சைப் பற்றி வாயே திறக்கமாட்டார். என் மகனைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று எனக்கு வேறு யார் சொல்வார்கள்? கோப்பியும் நல்ல கோப்பி.

கல்லூரியின் பெயர் வேண்டாம். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம். நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து மெற்றோவில் போய், பிறகு பஸ் எடுக்க வேண்டும். மண்டபச் சுவரில் முன்னொரு காலத்து வெற்றிக் கொடிகள் வரிசையாகத் தொங்கும். கடைசிக் கொடி ரமணன் அங்கே மாணவனாக ஆடிய காலத்தில் ஏறியது. அந்தக் கொடிகளுக்குக் கீழே இருப்பவர்கள் அடிக்கடி சொல்கிற வார்த்தை ப்ரோக்ராம். ‘இந்த ப்ரோக்ராமுக்கு ஒரு தரம் இருக்கிறது.’ ‘இந்த ப்ரோக்ராமிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இது இல்லை.’ எனக்கு முதலில் விளங்கவில்லை. பெடியள் இரண்டு மூன்று வருடத்தில் படித்து முடித்துப் போய்விடுவார்கள், கோச்சும் ஒருநாள் போவார், பிறகு மிஞ்சுவது என்ன? கேட்டுக் கேட்டுத்தான் பிடிபட்டது. அது கோயில் மாதிரி. ஐயர் மாறுவார், கோயில் இருக்கும். பூசை சரியில்லை, ஐயரை மாற்று என்பதுதான் வழக்கு.

வழக்காளி ஒரு பச்சைத் தொப்பிக்காரர். அவரும் அந்தக் கல்லூரியில் ஆடியவர், இப்போது வயிறு பெருத்துவிட்டது. எதிர்வழக்காடுகிறவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், மெலிந்த மனிதர். இருவரும் எங்களுக்கு முன்வரிசையில். “வென்றது பாதி, தோற்றது பாதி. இதற்காகவா நாங்கள் கொடி ஏற்றினோம்?” என்பார் தொப்பிக்காரர். “இவர் வந்த பிறகு ஒரு பையனும் படிப்பை விட்டுவிட்டுப் போகவில்லை. முன்பு எத்தனை பேரைச் சக்கையாக்கி எறிந்தோம், மறந்துவிட்டதா?” என்பார் ஆசிரியர். “படிப்பிக்க நீங்கள் இருந்தீர்கள். கோச்சின் வேலை வெல்வது.” அந்த இடத்தில் டையான் ஊசியை நிறுத்திவிட்டு, “பதினாலை இறக்கிப் பார்க்கலாமே,” என்பார். மூவரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கோப்பியைக் குடிப்பேன்.

பதினாலு ஏன் இறங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரமணன் சாப்பிட வருவான். புட்டைப் பிசைந்துகொண்டே ஒருநாள் சொன்னான். “அவன்ர முழங்கால் இன்னும் சரி வரேல்லை அம்மா. சரி எண்டு எல்லாருக்கும் பொய் சொல்லுறான். டொக்டரும் ஓமெண்டு விட்டிட்டார். நான் பாக்கிறன்தானே, குதிச்சு இறங்கேக்குள்ள இடக்காலைத் தூக்குறான்.” அப்படியென்றால் அதை வெளியில் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். “சொன்னால் அவனை ஒரு யூனிவர்சிட்டியும் எடுக்காது. ஆறட்டும். என்னைப் பேசிற ஆக்கள் பேசட்டும்.” ஆகவே எனக்கும் வாய்ப்பூட்டு. என் மகன் ஒரு பிள்ளையின் காலைக் காப்பாற்றிக்கொண்டு நின்றான், அந்தப் பிள்ளையின் அம்மா என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லி அவனைத் திட்டினார்கள்.

ரமணனுக்குப் பந்தைக் கையில் கொடுத்தது நான்தான். ஊரில் பள்ளிக்கூட வலைப்பந்து ரீமில் ஆடியவள் நான். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, பிடித்த இடத்தில் நின்று எறிய வேண்டும். ஆகவே யார் எங்கே நிற்கிறாள் என்பதைவிட, யார் எங்கே வரப்போகிறாள் என்று கண் முதலே போக வேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷனின் இரண்டாம் மாடி வீட்டில், குளிருக்கு வெளியே போக வழியில்லாத மாதங்களில், நடைவழியின் ஒரு முனையில் நானும் மறுமுனையில் அவனும் நின்று எறிந்து பழகினோம். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவி தும்புத்தடியால் கூரையில் இடிப்பாள். துறைமுகப் பக்கம் கொண்டெயினர் லொறி ஓடிவிட்டு வந்து பகலில் படுத்திருக்கும் ரமணனின் அப்பா, இவர், “பந்தடிச்சு ஆரடி வீடு கட்டினவன்?” என்று அறைக்குள்ளிருந்து கத்துவார். பிள்ளை பொறியியல் படித்து நல்ல கொம்பனி ஒன்றில் சேர்ந்தபோது இவர் கோயிலில் அபிஷேகம் செய்வித்தார். அதை விட்டுவிட்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் கோச்சாகப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது, அந்த அபிஷேகத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்பதுபோல் பார்த்தார். அன்று தொடங்கி அவனுடைய ஆட்டம் ஒன்றுக்கும் இவர் வரவில்லை. நான் ஒன்றையும் விடவில்லை. அந்த ஒப்பந்தத்தின் மூன்றாவது வருடத்தில்தான் நான் சொல்லுகிற இதெல்லாம் நடந்தது. அதைப் புதுப்பிப்பார்களா இல்லையா என்பதுதான் வீட்டில் நாங்கள் வாய்விட்டுப் பேசாத ஒரே விசயம்.

வெள்ளைக்காரர் மட்டும்தான் வழக்காடினார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கட ஆக்களுக்கு இன்னொரு நீதிமன்றம் இருந்தது. அது குணம் அண்ணையின் பலசரக்குக் கடை. குணம் அண்ணை எங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். மொன்றியலில் ஒரு கல்லூரிக்குத் தமிழ்ப் பெடியன் கோச்சாக வந்த அன்று கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவர். ஆட்டத்துக்கும் கடைச் சாமான் ஏற்றும் வானில் ஆள் ஏற்றிக்கொண்டு வருவார். மண்டபத்தின் எதிர்ப்பக்கம் உச்சிப்படியில் அவர்கள் இருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. வென்றால் அங்கே அவன் ‘எங்கட பெடியன்’. தோற்றால் ‘ராணியின்ர மோன்’, என்னுடைய பிள்ளை. நான் கடைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனால், “தங்கச்சி, மூண்டாம் குவாட்டரிலை மட்டும் உங்கட பெடியன் ஏன் விழுறான்?” என்று கேட்பார்கள், ஏதோ நான் அவனுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பியதைப்போல. கூடைப்பந்தைத் தொட்டே பார்க்காத மனிதர்கள் கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தற்காப்பு ஆட்டம் பற்றி விளக்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழங்கை நிறுக்கச் சொல்வேன்.

அந்தக் குளிர்காலத்தில் ரமணன் ரீமின் முதல் ஆட்டக்காரனை, அதிக புள்ளி எடுக்கிறவனை, இரண்டு ஆட்டங்களுக்கு வாங்கில் இருத்திவிட்டான். பெடியன் வகுப்புகளுக்குப் போகவில்லை. முதல் தடவை சொன்னான், இரண்டாம் தடவை எச்சரித்தான், மூன்றாம் தடவை இருத்திவிட்டான். இரண்டு ஆட்டமும் தோல்வி. பச்சைத் தொப்பிக்காரர் எழுந்து நின்று கத்தினார். கல்லூரி ரசிகர்களின் பேஸ்புக் பக்கம் புகைந்தது. ‘கோச் தன்னைத் தலைமையாசிரியர் என்று நினைக்கிறாரா?’ ‘நல்ல பாதிரியார் வேண்டுமென்றால் தேவாலயத்துக்குப் போவேன்.’ கணித ஆசிரியர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார், அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. குணம் அண்ணையின் கடையிலும் இரண்டு கட்சி. “படிப்பை முன்னுக்கு வைக்கிறான், அவன் யாழ்ப்பாணத்தான்!” என்று ஒரு கட்சி. “தன்ர ஒப்பந்தம் முடியிற நேரத்திலை உவனுக்கு ஏன் உந்த விசர் வேலை?” என்று மற்றது. நான் முதல் கட்சி. ஆனால் சனிக்கிழமை போய் இருந்து ஸ்கோர் பலகையைப் பார்க்கும்போது என் வயிறு இரண்டாம் கட்சிக்குப் போய்விடும்.

குணம் அண்ணை அப்போதுதான் முடிவெடுத்தார். “தங்கச்சி, பயப்பிடாதையுங்கோ. அந்த டைரக்டருக்கு நாங்கள் ஒரு மரியாதை செய்வம்,” என்றார். டைரக்டர் என்றால் கல்லூரியின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவர். ஒப்பந்தம் அவர் கையில்.

“என்ன மரியாதை?”

“பொன்னாடைதான். வடிவா, எல்லாருக்கும் முன்னால. எங்கட சமூகம் பின்னால நிக்குதெண்டு அவருக்குத் தெரியோணும்.”

“அண்ணை, இஞ்சை உது சரிவராது. தம்பிக்கும் விருப்பமிராது.”

“அவனுக்கு ஏன் சொல்லுவான்? நீங்கள் பேசாமல் இருங்கோ. நாங்கள் கன பேரைப் பாத்தனாங்கள்.”

நான் தலையிலடித்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். குணம் அண்ணை பைத்தியக்காரர் இல்லை. அவர் சொன்ன வைத்தியம் எங்களூரில் பலித்த வைத்தியம். எங்கள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துக் கம்பங்கள் துருப்பிடித்து ஒன்று சரிந்தே போயிருந்தது. எங்களைப் பழக்கிய ரீச்சர் கல்வித் திணைக்களத்துக்கு எத்தனையோ தடவை எழுதிப்போட்டார். பதில் வரவில்லை. நாங்கள் ஒரு போட்டியில் வென்ற வருடம் பள்ளிக்கூட அதிபர் அந்தத் திணைக்களத்துக் கல்வி அதிகாரியைப் பரிசளிப்புக்கு அழைத்தார். அவர் பிந்தி வந்தார். நாங்கள் வெயிலில் வரிசையாக நின்றோம். மாலை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் அவருக்கு. எங்களைப் பழக்கிய ரீச்சருக்கு ஒரு பூ இல்லை. அவர் மேடைக்குப் பக்கத்தில் நின்று கை தட்டினார். அடுத்த மாதம் புதுக்கம்பங்கள் லொறியில் வந்து இறங்கின. எனக்கு அன்று கோபம் வந்தது, கம்பத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. பெரிய மனிதனின் தோளில் ஒரு துணியைப் போட்டால் அவன் கை எங்கள் பக்கம் நீளும் என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்தோம்.

அந்தப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். இடைவேளை விசில் ஊத, ரமணன் பெடியளை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். எதிர்ப்பக்க வாசலால் குணம் அண்ணை கோட்டும் சூட்டுமாக வந்தார். பின்னால் கழகத்து ஆண்கள் நாலைந்து பேர். ஒருவர் கையில் தாம்பாளம், அதில் மாம்பழங்கள். இன்னொருவர் கையில் மாலை. டைரக்டருக்கு முன்கூட்டியே ஈமெயில் போட்டுத் தமிழ்ச் சமூகம் கல்லூரியைக் கௌரவிக்க விரும்புகிறது என்று அனுமதி எடுத்திருக்கிறார்கள். அந்த மனிதரும் நல்லெண்ணத்தில் சரி என்றிருக்கிறார். மைதானத்தின் நடுவில் நிற்க வைத்து, மாலை போட்டு, சரிகைக் கரை போட்ட பொன்னாடையைப் போர்த்தினார்கள். சனம் கை தட்டியது. அதோடு விட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். குணம் அண்ணை மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் வாசித்தார். எங்கள் புதல்வன் ரமணனுக்கு வாய்ப்பளித்த பெருந்தகையே, அவன் இன்னும் பல்லாண்டுகள் இந்தப் பதவியில் தொடர அருள்கூர்ந்து ஆவன செய்ய வேண்டுமென்று தாழ்மையுடன் வேண்டுகிறோம் என்று. வாசித்து முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. பொன்னாடைக்குள் டைரக்டரின் கழுத்து சிவந்து வருவது எனக்கு மேலேயிருந்து தெரிந்தது. பச்சைத் தொப்பிக்காரர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“எவ்வளவு அழகான துணி!” என்றார் டையான். “உங்கள் ஆட்களா?”

ஓம் என்று தலையாட்டினேன்.

“அப்படியென்றால் கோச்சும் உங்கள் ஆள்!” அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் உண்மையாகவே கறுத்தது. “சொந்தச் சனமாக இருந்தும் உங்கள் பிள்ளையை இறக்கவில்லையே. என்ன மனிதன்!”

அந்த நேரத்தில்தான் ரமணன் பெடியளோடு வெளியே வந்தான். அவன் கண்டது மாலையும் பொன்னாடையுமாக நிற்கிற தன் மேலதிகாரியையும், பக்கத்தில் மாம்பழத் தாம்பாளத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிற எங்கட ஆக்களையும். குணம் அண்ணை அவனைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். என் பிள்ளை அப்படியே நின்றுவிட்டான். நான் படிகளில் இறங்கி ஓடிப்போய் அந்தத் தாம்பாளத்தைத் தட்டிவிடலாமா என்று நினைத்தேன். ஓடவில்லை. பிற்பாதியில் அவர்கள் தோற்றார்கள், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

வீடியோ அன்றைக்கே பேஸ்புக்கில் ஏறியது. ‘கோச்சின் ஆட்கள் டைரக்டரை வாங்கிவிட்டார்கள்.’ ‘தட்டில் என்ன இருந்தது?’ ‘இப்படித்தான் அவருக்கு வேலை கிடைத்ததா?’ சிரிப்புப் படங்கள் நூறு. கணித ஆசிரியர், இது ஒரு பண்பாட்டு வழக்கம், தயவுசெய்து மரியாதையாகப் பேசுங்கள் என்று எழுதினார். அதற்குக் கீழே ஒருவர் மாம்பழப் படம் போட்டார். அதுவரைக்கும் வாதம் வெற்றி தோல்வியைப் பற்றி நடந்தது. அதில் அவனுக்காகப் பேச ஆள் இருந்தது, அவன் பக்கம் நியாயம் இருந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சே வேறாகிவிட்டது. இனி அவனை வைத்திருந்தால் டைரக்டர் மாலைக்கு மயங்கியவர். அனுப்பினால்தான் அவர் நேர்மையானவர்.

ரமணன் ஒரு பின்னேரம் கடதாசிப் பையோடு வந்தான். பைக்குள் அந்தப் பொன்னாடை மடித்திருந்தது. ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்பது விதியாம், உரியவர்களிடம் கொடுத்துவிடு என்று அவனிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் தேத்தண்ணி வைத்தேன். அவன் குடிக்கவில்லை.

“டைரக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார் அம்மா, நீதான் இதைச் செய்விச்சியா எண்டு. இல்லை எண்டன். அப்ப இவை ஆர் எண்டு கேட்டார்.” பையையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்குத் தெரியாத ஆக்கள் எண்டு சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். அவரும் அதைத்தான் எதிர்பாத்தவர். சொல்ல வரேல்லை.”

“என்ன சொன்னனீ?”

“மை ஃபேமிலி எண்டு சொன்னன்.”

இவர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்விட்டார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் என்று சொன்னது வெற்றி தோல்விக் கணக்கும் ப்ரோக்ராமுக்குப் புதிய திசை தேவை என்பதும். பொன்னாடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது இல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் வராது. குணம் அண்ணைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. “துவேசம் தங்கச்சி. சுத்தத் துவேசம். நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள், மரியாதைதானே செய்தனாங்கள்?” என்றார். கடையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பொன்னாடைப் பையை அவருடைய காசு மேசையில் வைத்தேன். “உங்கட மரியாதை அண்ணை. இதைக் கொண்டுபோய் வேற ஆரின்ரையேன் பிள்ளைக்குச் செய்யுங்கோ,” என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் என் பிள்ளைமேல் வைத்திருந்தது உண்மையான அன்பு, அதில்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடுகிறது. பொய்யன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பையை அவர் தொடவில்லை. பிறகு நானே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது என் சீலை அலுமாரியில் கிடக்கிறது.

மொன்றியலில் அவனுக்கு வேறு ரீம் கிடைக்கவில்லை. அந்த வீடியோ எல்லா இடமும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில், மேற்கே காரில் நாட்கணக்கில் போக வேண்டிய சஸ்கச்சுவானில், நான் பெயரே கேள்விப்படாத ஒரு ஊரில், உதவிக் கோச் வேலை. கொம்பனிக்குத் திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை, ஆச்சரியமாக இவரும் சொல்லவில்லை. காரில் சாமான் ஏற்றியபோது இவர் சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்தார், எண்ணெய் பார்த்தார், குளிர்காலச் சில்லு எப்போது மாற்ற வேண்டும் என்று நீளமாக விளக்கினார். லொறி ஓட்டியவருக்குத் தெரிந்த பாசம் அது. என் சகோதரம் ஒன்று லண்டனில், ஒன்று பாரிசில், ஒன்று வவுனியாவில். சிதறுவது என்னோடு முடிந்துவிடும், என் பிள்ளை நான் நடந்துபோகிற தூரத்தில் இருப்பான் என்றுதான் இந்தக் குளிரை இவ்வளவு காலம் பொறுத்தேன். ஷெல்லுக்குப் பயந்து ஓடியது ஒரு கதை. ஒரு பட்டுத்துணியால் என் பிள்ளை இன்னொரு தரம் புலம்பெயர்ந்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? இவர் இப்போது காலையில் எழும்பியதும் போனில் முதலில் பார்ப்பது அந்த ஊரின் காலநிலையை. “இண்டைக்குச் சரியான காத்து,” என்று எனக்குச் சொல்வார், ஏதோ எங்கள் ஜன்னலுக்கு வெளியே அடிப்பதைப்போல.

அடுத்த பருவம் தொடங்கியது. சனிக்கிழமை எனக்கு இனி அந்த மண்டபத்தில் அலுவல் இல்லை. வேலை செய்கிற கார்டெறியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், சமைத்துக்கொண்டு நிற்கும்போது, போகக் கூடாது என்று வாரம் முழுக்க நினைத்தேன். சனிக்கிழமை வந்ததும் கால் மெற்றோவுக்குப் போய்விட்டது. மெத்தை போட்டிருந்தது. பிளாஸ்க் இருந்தது. “வந்துவிட்டீர்கள்!” என்று டையான் எழுந்து கட்டிப்பிடித்தார். “கேள்விப்பட்டீர்களா? புதுக் கோச் பதினாலை முதல் ஐந்து பேரில் இறக்குகிறார்!” முன்வரிசையில் பச்சைத் தொப்பிக்காரர் திரும்பி எனக்குப் பெருவிரலைக் காட்டினார். கணித ஆசிரியரின் இடம் காலியாக இருந்தது.

பதினாலு நன்றாகத்தான் ஆடினான். இவ்வளவு காலம் வாங்கில் இருந்த பசி எல்லாம் காலில் இருந்தது. முதற்பாதியிலேயே அவன் பாய்ந்து ஒரு பந்தைக் கூடைக்குள் இறக்கியபோது மண்டபம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன், தட்டினேன். அவன் இறங்கிய விதத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். வலது காலில் விழுந்தான். இடது கால் ஒரு கணம் நிலத்தைத் தொடாமல் நின்றது. திரும்பி ஓடும்போது ஒருமுறை குனிந்து முழங்காலைக் கையால் அழுத்திவிட்டு ஓடினான். அதை வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவனைப் பெற்றவள் எந்தக் கடையில் நின்று வேலை செய்துகொண்டிருந்தாளோ.

டையானின் கண்ணில் தண்ணீர். “இன்றைக்குத்தான் தர வேண்டும் என்று வைத்திருந்தேன்,” என்று பையைத் திறந்தார். இரண்டு பருவமாகப் பின்னிய அந்தப் பச்சைச் சால்வை. கரையில் வெள்ளை நூலால் பதினாலு என்று பின்னியிருந்தது. அதை விரித்து, இரண்டு கையாலும் என் தோளில் போர்த்தினார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிக் கை தட்டினார்கள். நல்ல கம்பளி, நல்ல சூடு. நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

மடியில் போன் அதிர்ந்தது. ரமணன். அங்கே அவர்களுடைய ஆட்டம் இன்னும் தொடங்கியிராது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தான். ‘14 இறங்கிறானாம். கால் எப்பிடி அம்மா?’

பதில் எழுத விரலை வைத்தேன். என்ன எழுதுவது? நடக்கிறதைச் சொன்னால் அவன் அங்கிருந்து என்ன செய்வான்? மைதானத்தில் பதினாலு மறுபடியும் பாய்ந்தான். ‘ஓடுறான்’ என்று எழுதி அனுப்பினேன்.

“யார் அது?” என்றார் டையான், சால்வையின் நுனியை என் கழுத்தோடு சரிசெய்தபடி.

“என் மகன்,” என்றேன்.

டையான் மைதானத்தைப் பார்த்தார்.